மீட்டர் லைட் மங்கலா எரியுதா? பல்ப மாத்தறதுக்கு முன்னாடி இத படிங்க (வாசகர் கேள்வி பதில்)

இந்த மாசம் வந்த கேள்விகள்ல நாலு பேரு ஏறக்குறைய ஒரே விஷயத்தத்தான் கேட்டிருக்காங்க, பழைய ஸ்போர்ட்ஸ் கார்ல டேஷ்போர்டு மீட்டர் லைட் சரியா எரியல, ராத்திரி ஓட்ட கஷ்டமா இருக்குன்னு. அதனால மத்த கேள்விகள அடுத்த மாசத்துக்கு வச்சுட்டு இத மட்டும் எடுத்துக்கறேன். டர்பன்ல கிளேர்வுட்லயும் அப்புறம் உம்கேனி ரோட்டுப் பக்கமும் ஆட்டோ எலக்ட்ரிகல் வேலை பாத்தே தலை நரைச்சவன் நான், இந்த ஒரு கோளாறுக்காக டேஷ்போர்டுக்கு அடியில மல்லாந்து படுத்த நேரம் கணக்கே இல்ல.

கேள்வி: அங்கிள் வணக்கம். நான் சாட்ஸ்வொர்த்ல இருக்கேன். எங்க தாத்தா ஓட்டின 1974 எம்ஜிபி ஜிடி இப்ப என்கிட்ட இருக்கு. பகல்ல ஒரு குறையும் இல்ல, ராத்திரியிலதான் ஸ்பீடோமீட்டர் முள்ளு எங்க நிக்குதுன்னே தெரியல. போன வாரம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல சித்தி வீட்டுக்குப் போயிட்டு என்3ல இறங்கி வர்றப்ப 100ல போறேனா 130ல போறேனான்னு தெரியாம பக்கத்துல இருந்த தம்பிய ஃபோன் டார்ச் அடிக்கச் சொல்லி பாத்தேன். எல்லா பல்பும் புதுசு போட்டாச்சு, அப்படியும் அதே மங்கல்தான். பல்ப கழட்டிட்டு ஹோல்டர்ல மல்டிமீட்டர் வச்சு பாத்தேன், 12.4 காட்டுது, அதனால ஒயரிங் நல்லாத்தான் இருக்குன்னு நெனைக்கிறேன். 2.2 வாட்டுக்கு பதிலா 5 வாட் பல்பு போட்டா சரியாயிடுமா?

பதில்: தம்பி, 5 வாட் போடாதீங்க, மொதல்ல அத சொல்லிட்டு மத்ததுக்கு வரேன். வேலைக்கு வந்த புதுசுல நானே ஒரு கஸ்டமர் கார்ல அப்படி போட்டு அனுப்பிச்சேன், ஒரே மாசத்துல ஹோல்டர் பக்கத்து பிளாஸ்டிக் உருகி, டயல் பெயிண்ட் பழுப்படிச்சு அவர் திரும்பி வந்து நின்னாரு. அவர் திட்டக்கூட இல்ல, அது அவரோட அப்பா வண்டின்னு மட்டும் சொன்னாரு. அந்த டயல பழையபடி கொண்டுவர என்னால முடியல, இன்னிக்கும் மனசுல இருக்கு. உங்க வண்டியில இருக்கற ஸ்மித்ஸ் கம்பெனி கேஜோட, அதாவது மீட்டரோட, உள்பக்கம் சின்ன எடம், காத்து போக வழி கிடையாது, ரெண்டு வாட்டு சூட்டுக்குன்னு செஞ்ச எடத்துல அஞ்சு வாட்டு சூடு போனா அது எங்கயாவது தன் வேலைய காட்டத்தான் செய்யும்.

இப்ப உங்க 12.4க்கு வருவோம், தப்பு நடந்தது அங்கதான், இதே தப்ப நெறைய பேரு பண்றாங்க. பல்ப கழட்டிட்டு அளந்தா அந்த ஒயர்ல கரண்ட்டே ஓடாது, கரண்ட் ஓடலன்னா எவ்வளவு களிம்பு பிடிச்ச கனெக்‌ஷன்லயும் வோல்டேஜ் விழாது, மீட்டர் பாட்டுக்கு முழு வோல்டேஜ காட்டும். தோட்டத்துக் குழாய் அடைச்சிருக்கப்ப முனைய கையால மூடிப் பிடிச்சா உள்ள அழுத்தம் முழுசாத்தான் இருக்கும், கைய எடுத்தாத்தான் தண்ணி சொட்டு சொட்டா வர்றது தெரியும் இல்லையா, அதே கதைதான். பல்பு எரிஞ்சுக்கிட்டு இருக்கும்போது அளந்தாத்தான் உண்மை தெரியும்.

கொஞ்சம் கணக்கு சொல்றேன், பொறுமையா படிங்க. 2.2 வாட் பல்பு ஒண்ணு 12 வோல்ட்ல 0.18 ஆம்ப் இழுக்கும். டேஷ்ல அந்த மாதிரி ஆறு பல்பு எரியுதுன்னு வைங்க, மொத்தம் 1.1 ஆம்ப். எல்லாத்துக்கும் பொதுவான ஒயர்ல எங்கயோ களிம்பு பிடிச்சு ஒரே ஒரு ஓம் ரெசிஸ்டன்ஸ் சேந்துட்டா, அங்கயே ஒரு வோல்ட் போச்சு. ஒரு வோல்ட்தானேன்னு தோணும், ஆனா இழை பல்புல வெளிச்சம் வோல்டேஜோட சேந்து நேரா குறையறதில்ல, அதவிட ரொம்ப வேகமா குறையும், வோல்டேஜ் 10 சதவீதம் விழுந்தா வெளிச்சம் சுமாரா 30 சதவீதம் போயிடும், 20 சதவீதம் விழுந்தா பாதிக்கு மேல போயிடும். பல்பு புதுசா பழசான்னு பாக்கறதவிட அந்த பல்புக்கு எத்தன வோல்ட் போய் சேருதுன்னு பாக்கணும்னு நான் திரும்பத் திரும்ப சொல்றது இதனாலதான்.

இதே கணக்குல இன்னொரு நல்ல விஷயமும் இருக்கு. ஒரே ஒரு கேஜ் மட்டும் மங்கல்னா கோளாறு அந்த கேஜோட ஹோல்டர்லயோ அதோட எர்த்துலயோதான் (கரண்ட் பாடி வழியா பேட்டரிக்கு திரும்பிப் போற பாதைதான் எர்த்து), எல்லா கேஜும் ஒண்ணா மங்கல்னா எல்லாத்துக்கும் பொதுவான பாதையில. உங்களுக்கு எல்லாமே மங்கல்ங்கறதால பொதுப் பாதைய பிடிப்போம்.

எம்ஜிபில மீட்டர் லைட்டுக்கு கரண்ட் வர்றது சைட் லைட் சர்க்யூட்ல இருந்து. அதனால மொதல்ல வண்டிக்குப் பின்னாடி போய் டெயில் லைட்ட பாருங்க. அதுவும் சோகமா எரிஞ்சா கோளாறு லைட் சுவிட்ச்லயோ ஃபியூஸ் பாக்ஸ்லயோ, ரெண்டுக்கும் முன்னாடியே இருக்கு. டெயில் லைட் பளிச்சுன்னு எரிஞ்சு மீட்டர் மட்டும் மங்கல்னா கோளாறு பெரும்பாலும் டேஷ்போர்டுக்குள்ளதான், அப்படின்னா மொத சந்தேகம் ரியோஸ்டாட் மேல, வெளிச்சத்த கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருக்கே அது. அதுக்குள்ள மெல்லிசான கம்பிச்சுருள் மேல ஒரு சின்ன தகடு உரசிக்கிட்டு நகரும், அம்பது வருஷமா யாரும் திருப்பாம விட்டா கம்பி மேல ஆக்சைட் படிஞ்சிடும். அதுக்கு வர்றது சிவப்பு ஒயர், அதுல இருந்து போறது வெள்ளைக்கோடு போட்ட சிவப்பு ஒயர், இந்த வண்டிக்கு எலக்ட்ரிகல் சாமான் செஞ்ச லூகாஸ் கம்பெனியோட ஒயர் நெறக் கணக்கு அப்படி. சைட் லைட்ட போட்டுட்டு ஒரு துண்டு ஒயரால இந்த ரெண்டு டெர்மினலையும் இணைச்சுப் பாருங்க, பாடில மட்டும் படாம பாத்துக்கோங்க. சட்டுன்னு வெளிச்சம் ஏறிச்சுன்னா ஆள பிடிச்சாச்சு. கான்டாக்ட் கிளீனர் அடிச்சு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு இருபது முப்பது தடவ திருப்புங்க, பாதிக்கு பாதி அதுலயே சரியாகும். ஆகலன்னா அத பைபாஸ் பண்ணிடலாம், நான் பாத்த எம்ஜிபி ஓனர்கள்ல மீட்டர் லைட்ட கொறச்சு வச்சு ஓட்டணும்னு ஆசப்பட்டவங்க ரொம்ப கம்மி.

அடுத்தது எர்த்து. நம்ம டர்பன்ல இத ரெண்டாவதா சொல்றதே எனக்கு மனசு வரல, மொதல்லயே சொல்லணும். ஜோகனஸ்பர்க் வண்டியில ஒயரிங் காய்ஞ்சு வெடிக்கும், நம்ம ஊரு வண்டியில உப்புக்காத்து பட்டு களிம்பு பிடிக்கும், கடலோரத்துல ப்ளஃப் பக்கமும் டோட்டி பக்கமும் கராஜ்ல நிக்கற வண்டிகள்ல இத கண்ணால பாக்கலாம், டெர்மினல் எல்லாம் பச்சையா பூத்திருக்கும். ஸ்மித்ஸ் கேஜ்ல பல்பு ஹோல்டர் ஒரு தகர உறை, அத கேஜ் முதுகுல இருக்கற ஓட்டையில அழுத்தி சொருகி இருக்கும், எர்த்து அந்த உறையில இருந்து கேஜ் உடம்புக்கு வந்து, அங்க இருந்து பிராக்கெட் நட்டுல மாட்டின கருப்பு ஒயர் வழியா பாடிக்குப் போகுது. எத்தன எடத்துல தகரமும் தகரமும் சும்மா தொட்டுக்கிட்டு இருக்குன்னு எண்ணிப் பாருங்க, ஒவ்வொண்ணும் களிம்புக்கு ஒரு வாசல்.

இதுக்கு மல்டிமீட்டர் கூட வேணாம். பேட்டரி நெகட்டிவ்ல இருந்து ஒரு நீளமான ஒயர உள்ள இழுத்துட்டு வாங்க, லைட் எரியும்போது அதோட முனைய கேஜோட தகர உடம்புல தொடுங்க. வெளிச்சம் எகிறிச்சுன்னா எர்த்து கோளாறு, சந்தேகமே வேணாம். உங்க 74 மாடல் நெகட்டிவ் எர்த்து, அதனால இப்படி செய்யலாம். 1967க்கு முந்தின எம்ஜிபி பாசிட்டிவ் எர்த்து, அந்த வண்டி வச்சிருக்கறவங்க பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து ஒயர் எடுக்கணும், மாத்தி எடுத்துடாதீங்க.

இது ரெண்டுலயும் சிக்கலன்னா இன்ஜின ஓடவிட்டு, லைட்ட போட்டு, ரியோஸ்டாட்டுக்கு வர்ற சிவப்பு ஒயர்ல அளங்க. பேட்டரியில 14 இருந்தா இங்க 13.5க்கு கீழ போகக்கூடாது. போச்சுன்னா ஃபியூஸ் கிளிப்ப நல்லா தேய்ச்சு அழுத்தி விடுங்க, கருப்பு ரப்பர் உறைக்குள்ள இருக்கற புல்லட் கனெக்டர ஒவ்வொண்ணா இழுத்து, பித்தளை பிரஷ்ஷால தேய்ச்சு, துளி வாசலின் தடவி திரும்ப சொருகுங்க. இந்த வேலைக்கெல்லாம் முன்னாடி பேட்டரிய கழட்டிடுங்க. கேஜ வெளிய எடுக்கறப்ப ஆயில் பிரஷருக்கு வர்ற பைப்பையும் டெம்பரேச்சருக்கு வர்ற மெல்லிசான காப்பர் குழாயையும் இழுக்காதீங்க, அந்தக் குழாய் மடிஞ்சு உடைஞ்சா உள்ள இருக்கற ஈதர் ஆவியாகி போயிடும், அதோட அந்த கேஜ் செத்துப்போச்சு. ஸ்பீடோவும், இன்ஜின் சுத்தற வேகத்த காட்டற டாக்கோவும் கையால திருகற நட்டுதான், பொறுமையா எடுக்கலாம்.

வோல்டேஜ் சரியாயிட்டப்புறமும் போதலன்னு தோணிச்சுன்னா கேஜ் உள்ள பாருங்க. உள்பக்கம் வெள்ளையா இருந்த பெயிண்ட் மஞ்சளாவோ புகை படிஞ்ச மாதிரியோ ஆயிருக்கும், வெளிச்சம் டயலுக்கு போறதே அந்த வெள்ளையில பட்டுத் திரும்பித்தான். குரோம் வளையத்த திருப்பினா அதுல இருக்கற பல்லுங்க உடம்புல இருக்கற வெட்டுக்கு நேரா வரும், அப்ப கழண்டுடும். ரப்பர் இறுகிப்போயிருந்தா முந்தின நாளே துளி எண்ணெய் விட்டு வைங்க, முரட்டுத்தனமா நெம்பாதீங்க. உள்ள பளபளப்பான வெள்ளை பெயிண்ட் ஒரு கோட் அடிச்சு, கண்ணாடியோட உள்பக்கத்தையும் தொடைச்சு மூடினா, தாத்தா கைக்கு வந்த அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அத நீங்களும் பாப்பீங்க. முள்ள மட்டும் தொடாதீங்க.

கேள்வி: வணக்கம் அண்ணா. பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல இருந்து எழுதறேன். எங்க அப்பாவுக்கு 71 வயசு, அவரோட டட்சன் 240இசட்ட இன்னும் அவர்தான் ஓட்டறாரு. இப்ப கொஞ்ச நாளா ராத்திரியில மீட்டர் தெரியலன்னு சொல்றாரு, லோட்ஷெடிங் ஆகி தெரு விளக்கு இல்லாத ரோட்டுல ஓட்டவே பயப்படறாரு. மெக்கானிக் வந்து பாத்துட்டு பல்பு எல்லாம் எரியுது, ஒண்ணும் கோளாறு இல்லன்னு போயிட்டாரு. அப்பாவுக்கு அது ரொம்ப வருத்தம். நாங்க என்ன செய்யறது?

பதில்: தங்கச்சி, அப்பா சொல்றது பொய்யில்ல, அத மொதல்ல அவர்கிட்ட சொல்லுங்க. இருபது வயசுக்காரர் கண்ணுக்குள்ள போற வெளிச்சத்துல சுமாரா மூணுல ஒரு பங்குதான் அறுபது வயசுக்காரர் கண்ணுக்குள்ள போகுது, வயசாக ஆக இருட்டுல கண்ணு பாப்பா முன்ன மாதிரி விரியாது, லென்ஸும் மஞ்சளிக்கும். கார் லைட்டு இருபது சதவீதம் மங்கினா நமக்கு தெரியாது, அவருக்கு தெரியும். ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் குறைஞ்சு நடுவுல மாட்டிக்கிட்டவர் அவரு.

இத பிரிச்சுப் பாக்க ஒரு வழி இருக்கு. ராத்திரி வண்டிய வீட்டு வாசல்ல நிறுத்தி லைட்ட போட்டு, கண்ணு இருட்டுக்குப் பழக பத்து நிமிஷம் விட்டு, மொதல்ல அப்பா உக்காந்து நம்பர படிக்கட்டும், அப்புறம் அதே சீட்டுல நீங்க உக்காந்து படிங்க. உங்களுக்கும் கஷ்டம்னா கார் பக்கம் கோளாறு. உங்களுக்கு தெளிவா தெரிஞ்சு அவருக்கு தெரியலன்னா கார விட்டுட்டு கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க, கண்புரை ஆரம்பிக்கறப்ப மொதல்ல அடி வாங்கறது ராத்திரி பார்வைதான், எதிர்ல வர்ற வண்டி லைட்டும் கூசுதான்னு கேளுங்க. அது சரி பண்ணக்கூடியது, பயப்பட வேணாம், ஆனா பாக்கற வரைக்கும் ராத்திரி சாவிய நீங்க வச்சுக்கோங்க.

கார் பக்கம்னா இசட்ல என் அனுபவத்துல ரெண்டு விஷயம். ஒண்ணு, கேஜ் உள்ள வெளிச்சம் பச்சை பிளாஸ்டிக் வழியாத்தான் வருது, அம்பது வருஷ சூட்டுல அது கருத்து மூடிப்போயிருக்கும், பல்ப எத்தன மாத்தினாலும் அழுக்கு ஜன்னலுக்குப் பின்னாடி விளக்கு வச்ச மாதிரிதான். அத எடுத்து சோப்புத் தண்ணியில கழுவினாலே வித்தியாசம் தெரியும். ரெண்டு, ஹெட்லைட்டு பார்க்கிங் லைட்டு எல்லா கரண்டும் ஸ்டியரிங் பக்கத்து சுவிட்ச் வழியாவே போறதால உள்ள கான்டாக்ட் கருகியிருக்கும், ஃபியூஸ் பாக்ஸும் சூடேறும். லைட்ட போட்டு பத்து நிமிஷம் கழிச்சு ஃபியூஸ் பாக்ஸ் மூடிய தொட்டுப் பாருங்க, சூடு தெரிஞ்சா அங்கதான் உங்க வோல்டேஜ் கரையுது. கான்டாக்ட்ட சுத்தம் பண்ணி, ரிலே (சின்ன கரண்ட்ட வச்சு பெரிய கரண்ட்ட போட்டு நிறுத்தற சுவிட்ச்) வச்சு சுமைய எறக்கறதுதான் நிரந்தர வழி, அத தெரிஞ்ச எலக்ட்ரீஷியன் பண்ணட்டும். இன்னொண்ணும் அந்த எலக்ட்ரீஷியன்கிட்ட ஞாபகமா சொல்லுங்க, ஜப்பான் கார்கள்ல பல சமயம் டிம்மர் எர்த்து பக்கம் இருக்கும், அதனால பல்புக்கு வர்ற வோல்டேஜ மட்டும் பாத்துட்டு சரின்னு சொல்லிடக்கூடாது, பல்ப தாண்டி திரும்பிப் போற ஒயரையும் அளக்கணும், "கோளாறு இல்ல"ன்னு சொல்றவங்க கோட்டை விடறது அங்கதான். அப்புறம் 240இசட்ல ஆம்மீட்டர் வழியா பெரிய கரண்ட் ஓடுது, பேட்டரிய கழட்டாம யாரும் டேஷ்போர்டுக்குப் பின்னாடி ஸ்பேனர் விடக்கூடாது.

கேள்வி: அண்ணே, டோங்காட்ல இருந்து. என் 1972 டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்ல டேஷ்ல இருந்த பல்பு அத்தனையும் எல்ஈடியா மாத்திட்டேன், வார்னிங் லைட்டையும் சேத்து. சிலது எரியவே இல்ல, எரியறதுல டயலோட நடுவுல மட்டும் வெளிச்சம் ஓரம் இருட்டு, டிம்மர் திருப்பினா ஒண்ணும் ஆகல. அதோட பேட்டரி வேற சரியா சார்ஜ் ஆகாத மாதிரி இருக்கு, அது வேற கோளாறா?

பதில்: வேற கோளாறு இல்ல தம்பி, அதுவும் எல்ஈடிதான், இன்னிக்கே அந்த ஒண்ண மட்டும் மாத்துங்க. சிவப்பா எரியற சார்ஜ் வார்னிங் லைட் வெறும் அடையாள விளக்கு இல்ல, இக்னிஷன் போட்டதும் அந்த 2.2 வாட் பல்பு வழியா போற கரண்ட்தான் ஆல்டர்னேட்டர, அதாவது பேட்டரிய சார்ஜ் பண்ற ஜெனரேட்டர, எழுப்பி விடுது. லூகாஸ் ஏசிஆர் டைப்ல இது ரொம்ப முக்கியம். எல்ஈடி வழியா போற கரண்ட் அதுக்கு பத்தாது, அதனால நீங்க நல்லா ஆக்சிலரேட்டர் குடுக்கற வரைக்கும் ஆல்டர்னேட்டர் தூங்குது, ரோபோவுக்கு ரோபோ, அதாவது சிக்னலுக்கு சிக்னல், நின்னு நின்னு போனா பேட்டரி எறங்கிக்கிட்டே வரும். அந்த எடத்துல பழைய இழை பல்பையே போட்டுடுங்க, மத்தத அப்புறம் பாத்துக்கலாம்.

எரியாததுக்கு காரணம் பெரும்பாலும் போலாரிட்டி. எல்ஈடி ஒரு பக்கமாத்தான் கரண்ட்ட விடும். உங்க வண்டியில திருகு பல்பு, அத திருப்பிப் போட முடியாது, ரெண்டு பக்கமும் எரியற மாதிரி செஞ்சத கேட்டு வாங்குங்க. நடுவுல மட்டும் வெளிச்சம் வர்றது ஏன்னா இழை பல்பு எல்லா பக்கமும் வெளிச்சம் விடும், சாதா எல்ஈடி நேரா முன்னாடி மட்டும்தான் விடும், கேஜுக்கு வேணும்கறது பக்கவாட்டு வெளிச்சம். சுத்தி நாலு பக்கமும் சிப் வச்சது கிடைக்குது, அத போடுங்க. பச்சை ஃபில்டருக்குப் பின்னாடி நீலம் தூக்கலான வெள்ளை எல்ஈடி போட்டா ஒரு மாதிரி ஆஸ்பத்திரி நெறம் வரும், இளமஞ்சள் வெள்ளை போட்டா பழைய அழகுக்கு கிட்ட வரும். டிம்மர் வேலை செய்யாததும் சகஜம், அந்த ரியோஸ்டாட் ஒரு ஆம்ப் கரண்டுக்கு கணக்குப் போட்டு செஞ்சது, எல்ஈடி இழுக்கறது அதுல துளிதான், அதனால வோல்டேஜ் விழறதே இல்ல.

என் மனசுல இருக்கறத சொல்றேன், எர்த்த சுத்தம் பண்ணின வண்டியில சரியான இழை பல்பு போட்டு பாத்தவங்க எல்ஈடிக்கு போகணும்னு என்கிட்ட திரும்ப கேட்டது கொஞ்சம்தான். ரொம்ப பளிச்சுன்னு டேஷ்போர்டு இருந்தா கண்ணு அந்த வெளிச்சத்துக்குப் பழகிடும், அப்புறம் ரோட்டோரம் இருட்டுல நடந்து வர்ற ஆள் தெரிய மாட்டாரு. டோங்காட்ல கரும்புத் தோட்டம் நடுவுல போற ரோடு உங்களுக்கே தெரியும்.

கேள்வி: ஃபீனிக்ஸ்ல இருந்து. மாஸ்டா எம்எக்ஸ்-5, மொத மாடல். ஸ்பீடோ பக்கம் நல்லா எரியுது, ஃப்யூயல் கேஜ் பக்கம் மட்டும் மங்கல், டேஷ்போர்ட தட்டினா கொஞ்ச நேரம் நல்லா எரியுது. என்ன செய்ய?

பதில்: தட்டினா எரியுதுன்னா பல்பு இல்ல, கான்டாக்ட். மீட்டர் எல்லாம் ஒண்ணா சேந்திருக்கற கிளஸ்டருக்குப் பின்னாடி பிளாஸ்டிக் தாள் மேல செம்புக்கோடு போட்ட சர்க்யூட் இருக்கும், பல்பு சாக்கெட்ட அதுல சொருகி கால்வட்டம் திருப்பி பூட்டியிருக்கும். அந்த சாக்கெட்ட எடுத்து, அதோட ரெண்டு செம்பு நாக்கையும் நகத்தால கொஞ்சம் தூக்கி விடுங்க, அழுத்தம் வரணும். அது உக்கார்ற எடத்துல செம்பு கருத்திருந்தா பென்சில் ரப்பரால மெதுவா தேய்ங்க, உப்புத்தாள் போடாதீங்க, செம்பு தோல் மாதிரி மெல்லிசு, ஒரே இழுப்புல போயிடும். கிளஸ்டர எடுத்ததுதான் எடுத்தீங்க, எல்லா சாக்கெட்டையும் அன்னிக்கே இதே மாதிரி பண்ணிடுங்க. மறுபடி மூடறதுக்கு முன்னாடி கனெக்டர மாட்டி, லைட்ட போட்டு, ஒவ்வொரு சாக்கெட்டா விரலால ஆட்டிப் பாருங்க, எதுவும் மினுக்கலன்னா மூடலாம்.